தாளில் ஏறிய துரு

மெட்டுகூடா, சிகந்திராபாத்
6 ஆகஸ்ட் 2007

என் செல்ல மகள் பிளெசிக்கு, அப்பா தோத்திரம் சொல்லி எழுதுவது.

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். கோடு போட்ட தாள்தான். எழுத்துகள்தான் கோட்டை மதிக்க மாட்டேன் என்கின்றன. காலையில் தொடங்கினேன், விளக்குப் போட்டாயிற்று. ஆனாலும் நானே எழுதுகிறேன்! சர்ச்சில் ஆக்னஸ் டீச்சர் நடத்தும் மாலை வகுப்பின் பலன். போன ஞாயிறு பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினேன். இத்தனை வருஷம் பாதிச் சொற்களைத் தப்பாகப் பாடியிருக்கிறேன்.

கச்சிபௌலியிலிருந்து விஜயகுமாரி அம்மா பேசினார். மகன் கலேபுக்கு உன்னைப் பிடித்திருக்கிறதாம். கென்யாவில் உன் வேலை டிசம்பரில் முடிவதால் ஜனவரியில் கல்யாணம் என்கிறார். "பொண்ணுக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்டார். "துரு எடுக்குது" என்றேன். நீ போனில் துரு என்றுதானே சொன்னாய்? நீ பயிர்ப் படிப்பு படித்தவள், அறுப்பு மெஷினில் துரு ஏறியிருக்கும் என்று நினைத்தேன். நானும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காலமெல்லாம் துரு சுரண்டிப் பெயிண்ட் அடித்தவன்தானே. "ஹவ்! அப்படியா, அதுக்கா பிஎச்டி?" என்று சிரித்துவிட்டார். சரியாக எழுதித் தெரிவி.

அப்பா,
தனசிங்


நிஜோரோ, கென்யா
27 ஆகஸ்ட் 2007

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை வயலில் நின்றபடியே வாசித்தேன். முதலில் அழுகை வந்தது. "துரு எடுக்குது" என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

இது இரும்புத் துரு இல்லை அப்பா. கோதுமைத் தாளில் பிடிக்கும் பூஞ்சணம். தொட்டால் விரலில் செம்பொடி ஒட்டும், அதனால் அந்தப் பெயர். ஒரு காலத்தில் வயல் வயலாக அழித்த நோய். அதைத் தாங்கும் ரகங்கள் வந்த பிறகு பல வருஷம் அடங்கிக் கிடந்தது. ஒழிந்தது என்றே நினைத்தார்கள். இப்போது வேறு வகையாகத் திரும்பி வந்து அந்த ரகங்களையே சாய்க்கிறது. பொடி காற்றில் பறக்கும். ஒருநாள் நம் பஞ்சாப் வரை வந்துவிடுமோ என்பதுதான் பயம்.

அதனால் நம் நாட்டுக் கோதுமையை இங்கே நோயின் நடுவிலேயே விதைத்துப் பார்க்கிறோம். பெரும்பாலும் சாய்ந்துவிட்டன. சில நிற்கின்றன. அவை மறுபடியும் நிற்குமா என்று அடுத்த வருஷம் விதைத்தால்தான் தெரியும். என்னை இருக்கச் சொல்கிறார்கள்.

கலேப் நல்லவர்தான். காத்திருப்பாரா என்று தெரியவில்லை. நீங்களும் தனியாக இருக்கிறீர்கள். வா என்று ஒரு வார்த்தை எழுதினால் டிசம்பரில் வந்துவிடுவேன்.

பிளெசி


மெட்டுகூடா
17 செப்டம்பர் 2007

செல்ல மகளுக்கு,

உன் கடிதத்தை நானே வாசித்தேன். 'பூஞ்சணம்' கொஞ்ச நேரம் மல்லுக்கட்டியது. டீச்சரிடம் கேட்காமலே ஜெயித்துவிட்டேன். வகுப்பில் காட்ட, துரு பிடித்த கோதுமைத் தாள் ஒன்றை உறையில் போட்டு அனுப்பச் சொல்ல நினைத்தேன். மறுபடி வாசித்ததும் வெட்கமாகிவிட்டது. அதை இங்கே வரவிடாமல் தடுக்கத்தானே நீ அங்கே நிற்கிறாய்!

ஞாயிறு மாலை விஜயகுமாரி அம்மாவும் கலேபும் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன் அண்ணே, கோதுமைக்குச் சீக்குன்னா பாக்க உங்க பொண்ணுதான் கெடைச்சுதா?"

"நல்லாப் பாக்குறான்னுதான்மா இருக்கச் சொல்றாங்க."

"இன்னொரு வருஷமெல்லாம் நக்கோ, வேணாம். ஜனவரின்னா ஜனவரிதான். நீங்க சொன்னா அவ கேப்பா."

"கேப்பா. அதனாலதான் சொல்ல மாட்டேன்."

அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கலேப் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அங்கிள், அவங்க அட்ரஸ் குடுங்க. எழுதிப் பாக்கறேன். ஆனா எனக்குத் தமிழ் எழுத வராது" என்றான். "மாலை வகுப்புக்கு வாப்பா, எடமிருக்கு" என்றேன். அவன் அம்மாவே சிரித்துவிட்டார். காத்திருப்பார்களா என்று எனக்கும் தெரியாது மகளே. தெரியாமலேயே முடிவெடுத்துவிட்டேன்.

சர்ச் ஹாலில் கூரை வேலை நடக்கிறது. அதனால் உன் அறையை டீச்சருக்குக் கொடுத்துவிட்டேன். கட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டு, சுவரில் கரும்பலகை அடித்தாயிற்று. அடுத்த வருஷம் முழுக்க வகுப்பு இங்கேதான். டிசம்பரில் வந்தால் உனக்குப் படுக்க இடமில்லை. விதைத்து, பார்த்து, முடித்துவிட்டு வா.

கை ஓய்ந்துவிட்டது. அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன், உன் பதில் வரும்வரை காத்திருக்க மாட்டேன்.

அப்பா,
தனசிங்