பெட்டியை வாங்கிக்கொண்ட கிழவன்

அக்கா,

தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளப் போயிருந்தேன். புந்தோங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு அடுத்து இருக்கிறதே, அந்தக் கடைதான். சாயத்தின் நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. "மூலிகைதான் ஆன்ட்டி" என்றாள் பூசிய பெண். மூலிகை இப்படி நாறாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எதிரே பெரிய கண்ணாடி. எனக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சி அந்தக் கண்ணாடிக்குள் தெரிந்தது. பூப்பந்து ஆட்டம் ஓடியது. நம் நாட்டு ஆட்டக்காரர் இடது கையால் அடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உடனே சந்தேகம். அவர் வலது கைக்காரர் என்பது ஊருக்கே தெரியும். கையில் அடிபட்டதை மறைக்கிறார்களா, இல்லை வேறு ஆளை இறக்கிவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். வலது கைதான். மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தேன். இடது கை.

சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம்தான்.  ஆனாலும் உங்கள் ஞாபகம் வந்து, பாதித் தலையில் சாயத்தோடு எழுந்துவிட்டேன். "ஐயோ, கழுவணும்லா ஆன்ட்டி, முடி கொட்டிப் போயிரும்!" என்று அந்தப் பெண் வாசல்வரை ஓடி வந்தாள். மூலிகையின் லட்சணம் அதிலேயே தெரிந்துவிட்டது.

நான் ஏன் அப்படி ஓடினேன் என்று உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள்.

நம் ஞாயிற்றுக்கிழமை மேசை இன்னும் நடக்கிறது. காசிம் பாய் கடையில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, மின்விசிறிக்குக் கீழே அதே வட்ட மேசை. வாரம் ஒரு பழைய ஹாலிவுட் படம், அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும். கல்லாவை மருமகனிடம் விட்டுவிட்டு வந்து உட்காரும் பாய்க்கு நாட்டியப் படம் என்றால் உயிர். நடனக்காரி ஏழையாகிவிட்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சிவஞானம் அண்ணனுக்கு நீதிமன்றக் காட்சி வேண்டும். எனக்குக் கொலைப் படம். கொலைகாரன் யார் என்று முதல் கால் மணி நேரத்தில் சொல்லிவிடுவேன். காலமெல்லாம் சுங்கத் துறையில் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்துச் சம்பளம் வாங்கியவளுக்கு அதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

நீங்களாகவே வந்து சேர்ந்தவர் நீங்கள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடித்து ஓய்வில் இருந்தீர்கள். தம்பி குடும்பத்தோடு வாசம். பக்கத்து மேசையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "இங்கிலீஷ் படமா பேசுறீங்க? நானும் பாப்பேன்லா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். எனக்கு அன்றே லேசாக உறுத்தியது.

மேசைக்கு ஒரே சட்டம்தான். சிவஞானம் அண்ணன் போட்டது. "பார்க்காமல் கதைக்கக் கூடாது." ரயில்வேயில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர், சட்டம் என்றால் சட்டம். இணையத்தில் கதைச் சுருக்கம் படித்துவிட்டு வந்து அளந்த ஒரு வங்கிக்காரரைத் தேநீர் ஆறுவதற்குள் எழுப்பி அனுப்பினாரே, நீங்களும்தான் பார்த்தீர்கள். அப்போது நீங்கள் கண்ணைத் தட்டில் வைத்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

அதன் பிறகு நான் உங்களை விடவில்லை. நீங்கள் எப்போதும் கடைசியாகத்தான் பேசினீர்கள். "நீ மொதல்ல சொல்லு தங்கச்சி" என்பீர்கள். எல்லோரும் சொல்லி முடித்ததும் ஒரு வாக்கியம் சொல்வீர்கள்; அது எங்கள் எல்லோருடையதையும்விட நன்றாக இருக்கும். ஒரு படத்தில் கணவனின் சவப்பெட்டி அருகே கதாநாயகி அழும் காட்சியை நாங்கள் வளைத்து வளைத்துப் பேசினோம். "அவ புருஷனுக்கு அழுவல. இனிமே யாருகிட்ட சண்ட போடுறதுன்னு அழுவுறா" என்றீர்கள். பாய் எழுந்து உங்களுக்கு இன்னொரு தே தாரிக் போடச் சொன்னார். எனக்கு மட்டும், இந்தம்மா படத்தைப் பார்த்ததா, எங்கள் வாயைப் பார்த்ததா என்று ஓடியது. இன்னொன்றும் இருந்தது. அடுத்த வாரப் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்பீர்கள். "இதுல ரயிலு வருதா?"

ஒரு ஞாயிறு நான் வலை விரித்தேன். அந்த வாரப் படத்தில் நாயே கிடையாது. "கடைசியில் அந்த நாய் செத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை" என்றேன். பாய் திருதிருவென்று விழித்தார். அவர் காலை மேசைக்கு அடியில் மிதித்தேன். நீங்கள் உச்சுக்கொட்டினீர்கள். "பாவம்லா அந்த நாய். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு."

சிவஞானம் அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். "நீங்கள் உண்மையிலை படத்தைப் பாத்தனீங்களோ?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் மெதுவாகக் கேட்டால் நாற்காலி போயிற்று என்று அர்த்தம். உங்களுக்கும் அது தெரியும். முகம் சிவந்துவிட்டது, ஆனால் எழுந்திருக்கவில்லை. என்னைத்தான் முறைத்தீர்கள்.

"பாக்கல. எங்க பாக்குறது? தம்பி வீட்டு டிவியில எந்நேரமும் ஃபுட்பால். என் போனு பட்டன் போனு. ஆனா இந்த மாதிரிப் படத்துல ஒண்ணு நான் பாத்துருக்கேன். சின்னப் பிள்ளையில, தோட்டத்துல. அந்தப் படம் என்னைக்காவது இந்த மேசைக்கு வரும்னுதான் வந்து உக்காந்திருக்கேன்."

தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர்த் தோட்டம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் உங்கள் வீடு. துரைமாருக்கும், கணக்கு எழுதும் கிராணிமார் குடும்பத்துக்கும் மாதத்தில் ஒரு நாள் கிளப் புல்வெளியில் வெள்ளைத் துணி கட்டி இங்கிலீஷ் படம் காட்டுவார்களாம். சிவஞானம் அண்ணன் கிராணி வீட்டுப் பிள்ளை; அவருக்கு அதெல்லாம் அத்துப்படி. "லயத்துப் பிள்ளையளைக் கிளப்புக்குள்ளை விடமாட்டினமே" என்றார்.

"உள்ள யாரு விட்டா? துணிக்கு அந்தப் பக்கம், வேலிக்கு வெளிய, லோங்காங் ஓரத்துல குத்த வச்சுப் பாப்போம். கொசுவுக்கும் சாக்கடைக்கும் நடுவுல உக்காந்து பாத்தாலும் அதுவும் படந்தானே?"

பிறகு அந்தப் படத்தைச் சொன்னீர்கள். ஒரு ரயில். ஜன்னலோரம் ஒரு பெண், மடியில் ஒரு சின்னப் பெட்டி. எதிரே கால் நொண்டும் ஒரு கிழவன். இரண்டு பேருக்கும் முன்பின் பழக்கமில்லை. ஒரு ஸ்டேஷனில் போலீஸ் ஏறுகிறது. அவள் சட்டென்று பெட்டியைக் கிழவன் கையில் கொடுக்கிறாள். அவன் அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொள்கிறான். போலீஸ் அவளை இறக்கிக் கொண்டுபோகிறது. ரயில் புகை விட்டுக் கிளம்புகிறது. அந்த இடத்தில் காவல்கார ஜாகா டார்ச் அடித்துக்கொண்டு வந்து உங்களையெல்லாம் விரட்டிவிட்டான்.

"மறுநா கிராணி மகக்கிட்ட போய்க் கேட்டேன், கெழவன் பெட்டியத் திருப்பிக் குடுத்தானான்னு. லயத்துக்காரிக்கு எதுக்கு இங்கிலீஷ் படக் கதைன்னுட்டா. படத்துப் பேரும் தெரியாது. எழுத்து எனக்குப் பூச்சி ஊர்ற மாதிரி இருந்துச்சு. அப்பலேர்ந்து தெரியல." அதைச் சொல்லும்போது உங்கள் குரல் எட்டு வயதுப் பிள்ளையின் குரலாகிவிட்டது. எனக்கு அந்தக் கிராணி மகளை இழுத்து அறைய வேண்டும்போல் இருந்தது.

சிவஞானம் அண்ணன் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தார். "எங்கட தோட்டத்துக்கும் அந்தப் படம் வந்திருக்கும். எனக்கு ஒண்டும் நினைவில்லை. முன்வரிசையிலை நான் நித்திரை" என்றார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "எந்தப் பக்கத்தாலை பார்த்தாலும் பார்த்தது பார்த்ததுதான். நீங்கள் இருங்கோ."

நான் அப்போதும் நம்பவில்லை. நாற்காலியைக் காப்பாற்ற அங்கேயே கட்டிய கதையாக இருக்கலாமே? சுங்கத்தில் அழுதுகொண்டே பொய் சொன்ன எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். வேறு வேறு நாளில், வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். பெட்டி எந்தக் கையில்? எந்தப் பக்கத்து ஜன்னல்? கிழவனுக்கு எந்தக் கால்? ஒரு தடவைகூட நீங்கள் மாற்றிச் சொல்லவில்லை. கால் வலது கால். அடித்துச் சொன்னீர்கள். பொய்க்காரர்களுக்கு அவ்வளவு ஞாபகம் இருக்காது. கடைசியில் நானும் தேட ஆரம்பித்தேன்.

தேடியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். கிழவன் பெட்டியோடு ஓடியிருப்பான் என்பது என் கட்சி. "முன்பின் தெரியாதவன் கையில் கொடுத்தால் போனது போனதுதான்" என்பேன். "குடுத்திருப்பான்லா. அவன் மொகரைய நீ பாக்கல" என்பீர்கள். பாய் உங்கள் பக்கம். அண்ணன், "முடிவு பார்க்காமல் கதைக்கக் கூடாது" என்று இரண்டு பேர் வாயையும் அடைப்பார். எந்தப் படத்தைப் பேச உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் பேச்சு அந்தக் கிழவனிடம் போய்விடும்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எனக்கு ஒரு படம் அகப்பட்டது. ரயில் இருந்தது. ஜன்னலோரம் பெண் இருந்தாள். மடியில் பெட்டி, எதிரே நொண்டும் கிழவன். உடனே உங்களுக்குப் போன் போட்டேன். "எந்தக் காலு?" என்று கேட்டீர்கள். பார்த்துவிட்டு, "இடது கால்" என்றேன்.  "அப்ப அது இல்லம்மா. நிறுத்திரு" என்றீர்கள். நிறுத்திவிட்டேன். ஒரு விவரம் பொருந்தாவிட்டாலும் அது வேறு பெட்டி என்றுதான் என் வேலை எனக்குப் பழக்கியிருந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், அந்த ஒரு வலது காலைச் சந்தேகப்படாமல் விட்டேன். நீங்கள் துணிக்குப் பின்னால் இருந்து பார்த்தவர் என்பது நம் நான்கு பேருக்கும் தெரியும். பின்னால் இருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அக்கா. உங்களுக்கே தோன்றவில்லை.

அடுத்த நாள் வந்து பார்த்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டீர்கள், "நீ சொல்ற மாதிரி ஓடித்தான் போயிருப்பானோ தங்கச்சி?" நீங்கள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. சண்டைக்கு இழுக்கிறீர்கள் என்று நினைத்து, "பின்னே? அப்பவே சொன்னேனே" என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நாம் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

சாயத் தலையோடு வீட்டுக்கு வந்து, அந்தப் படத்தைத் தேடி எடுத்து, கைபேசியை அலமாரிக் கண்ணாடிக்கு எதிரே நிறுத்தினேன். கண்ணாடியைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்தேன். முதலில் பெயர் வந்தது. எழுத்தெல்லாம் திரும்பிக்கொண்டு, நீங்கள் சொன்னதுபோலப் பூச்சிதான் ஊர்ந்தது. ஜன்னல் நீங்கள் சொன்ன பக்கம். பெட்டி நீங்கள் சொன்ன கை. கிழவன் எழுந்து நடந்தான். வலது கால். நான் வாய்விட்டு அழுதேன். சாயம் காதில் வழிந்தது.

இனி ஜாகா விரட்டிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

ரயில் கிளம்பியதும் கிழவன் கோட்டைத் தடவிப் பார்க்கிறான். "பார்த்தீர்களா!" என்று நான் கண்ணாடியிடம் சொன்னேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்குகிறான். ஓடத்தான் போகிறான் என்று நினைத்தேன். ஆனால் தண்டவாளத்தை ஒட்டி வந்த வழியே திரும்ப நடக்கிறான். பனி கொட்டுகிறது. பேச்சு இல்லை, பாட்டு இல்லை, அந்தக் கால் இழுபடும் சத்தம் மட்டும். பாய் பார்த்தால் தாங்கமாட்டார். போலீஸ் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் போய் உட்காருகிறான். காலையில் அவளை வெளியே விடுகிறார்கள். அவன் எழுந்து கோட்டுக்குள் இருந்து பெட்டியை எடுத்து நீட்டுகிறான். திறந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று காத்து நிற்கிறான். அவள் திறக்கவில்லை. கால் வலிக்கிறதா என்று மட்டும் கேட்கிறாள். அதோடு முடிந்தது. பெட்டியில் என்ன இருந்தது என்று காட்டவே இல்லை. நானாக இருந்தால் அங்கேயே திறந்து பார்த்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் சொன்னேன். பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன், "முழுக்கப் பார்த்தனீரோ?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. நான் தோற்றதைச் சொல்லிக்காட்ட வேண்டிய ஆள் நீங்கள் ஒருவர்தானே?

சந்தேகப்படுவது என் பிழைப்பு. அது என்னோடு வந்தது, என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் எட்டு வயதிலிருந்து ஒரு கிழவனை நம்பிக்கொண்டிருந்த உங்களை, கடைசி நாட்களில் சந்தேகப்பட வைத்துவிட்டேன். எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான். அன்றைக்கு நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன்.

அவன் ஓடவில்லை, அக்கா. திரும்பி நடந்தே வந்து கொடுத்துவிட்டான்.