கடும் உழைப்பாளி

டிசம்பர் 2, செவ்வாய்

மதியம் கான்டீனில் மறுபடியும் பன்றிக்கறித் துண்டில் சுற்றிய எண்டீவ், அந்தக் கசப்புக் கீரை. பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த செவ்வாய் வகுப்பு மன்றம். ஆசிரியர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து, ஒவ்வொரு மாணவனும் பள்ளி முடித்ததும் எங்கே போகலாம் என்று பேசுவார்கள். வகுப்புப் பிரதிநிதி என்பதால் நானும் போக வேண்டும். நான் ஒன்றும் தேர்தலில் நின்று ஜெயித்தவள் இல்லை. பெண்களில் யாரும் கை தூக்கவில்லை, வகுப்பாசிரியை மதாம் ஷொவே என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். இன்னொரு பிரதிநிதி ஒரேல், கண் டாக்டர் மகன். அவன் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டி ஜெயித்தவன்.

என் விருப்பத்தை எழுதிக் கொடுத்தாயிற்று. லியோன் நகரத்தில் ப்ரெபா வகுப்பு. இரண்டு வருடம் பிழிந்து எடுப்பார்கள், பிறகு நல்ல பொறியியல் கல்லூரிகளுக்கான போட்டித் தேர்வு. கணக்கில் எனக்கு இருபதுக்குப் பதினேழு. வேறென்ன வேண்டும்?

டிசம்பர் 9, செவ்வாய்

வாயெல்லாம் கசக்கிறது. பல் தேய்த்தும் போகவில்லை.

முதலில் ஒரேல். கணக்கில் பதின்மூன்று. மதாம் ஷொவே சிரித்துக்கொண்டே சொன்னார்: "சோம்பேறிதான். ஆனா உள்ளுக்குள்ள சரக்கு இருக்கு. கொஞ்சம் தள்ளி விட்டாப் போதும், எங்கேயோ போயிடுவான்." முதல்வர், "ப்ரெபாதானே? பாரிஸே கேட்கட்டுமே" என்றார். பெற்றோர் பிரதிநிதியாக எதிரே உட்கார்ந்திருந்தது யார்? ஒரேலின் அம்மா. பட்டுக் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு அடக்கமாகக் குனிந்துகொண்டார். முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பிறகு நான். "மெலின். கடும் உழைப்பாளி" என்றார் மதாம் ஷொவே, துக்கச் செய்தி சொல்வதுபோல. இயற்பியல் ஆசிரியர் பெருமூச்சு விட்டார். "பாவம், உயிரைக் கொடுத்துப் படிக்குது. இதுக்கு மேல இழுத்தா அறுந்துடும்." நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், ஐயா. மேசைக்கு இந்தப் பக்கம்.

முதல்வர் கனிவாகக் கேட்டார்: "ப்ரெபான்னு எழுதியிருக்கே. வீட்டை விட்டு அவ்வளவு தூரம். அங்க நீ சந்தோஷமா இருப்பியாம்மா?" ஒரேலின் சந்தோஷத்தைப் பற்றி ஏன் ஒருத்தரும் விசாரிக்கவில்லை? "நம்ம பள்ளியிலயே கணக்கியல் பட்டயம் இருக்கு, ரெண்டே வருஷம். உனக்குத்தான் கணக்கு நல்லா வருதே." எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரேலின் அம்மாவும்கூட. "தெரிஞ்ச இடம், தெரிஞ்ச மனுஷங்க. அதுவே பெரிய விஷயம்" என்றார். அவருக்கு என்னைத் தெரிந்ததே அந்த அறையில்தான்.

நான் என்ன செய்தேன்? நன்றி சொன்னேன். ஆமாம், நன்றி சொன்னேன்.

டிசம்பர் 10

ஒரேல் படிக்கட்டில் நிறுத்தினான். "மனசுல வச்சுக்காதே மெலின். ப்ரெபா ஒரு நரகமாம். நீ தப்பிச்சே, நான் மாட்டிக்கிட்டேன்." ஆறுதல் சொல்கிறானாம். நிஜமாகவே நல்லெண்ணத்தில்தான் சொன்னான், அதனால் அறையவும் முடியவில்லை.

டிசம்பர் 13, சனி

வீட்டில் சொன்னேன். அப்பா கல்குவாரி லாரியைக் கழுவிவிட்டு வந்திருந்தார், காது மடலில் இன்னும் வெள்ளைத் தூசி. "ரெண்டு வருஷம் படிச்சா கையில என்ன சான்றிதழ் தருவாங்க?" என்று கேட்டார்.

"சான்றிதழ் கிடையாதுப்பா. தேர்வு எழுதத் தயார் பண்ணுவாங்க."

"ரெண்டு வருஷம் படிச்சு, ஒரு காகிதம்கூடத் தரமாட்டாங்களா? யாருடி அவங்க?"

அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே இருந்தாள், எங்கள் மூன்று பேருக்கு வேண்டியதை விட அதிகமாக.

ஜனவரி 31, சனி

லியோன். ப்ரெபா நடத்தும் பள்ளியை வெளியார் வந்து பார்க்கும் நாள். அப்பா வரவில்லை. அம்மா வந்தாள், சாவு வீடுகளுக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்பு கோட்டில். பேருந்து, பிறகு ரயில், வழியெல்லாம் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பெரிய கூடத்தில் பெற்றோர்கள் கேள்வி கேட்டார்கள். எந்தக் கல்லூரிக்கு எத்தனை பேர் போனார்கள், இரண்டாம் வருடத்தில் எப்படிப் பிரிப்பீர்கள், அந்த மாதிரி. ஏற்கெனவே விடை தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகள். அப்போது அம்மா கை தூக்கினாள். "விடுதியில உடம்பு சரியில்லேன்னா பிள்ளைங்களை யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்த மாணவன், "உடம்பு சரியில்லாமப் போக இங்க நேரமே இருக்காது மதாம்" என்றான். கூடமே சிரித்தது.

நானும் சிரித்தேன். அவர்களோடு சேர்ந்து. அம்மா அதைப் பார்த்தாள்.

ரயில் கிளம்பியதும் கைப்பையை மறுபடியும் மடியில் இறுக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "மதாம் ஷொவேகிட்ட நான்தான் சொன்னேன். நவம்பர்ல, பெற்றோர் கூட்டத்துல. அவளைத் தூரமா அனுப்பிடாதீங்க, இங்கயே ஏதாவது பாருங்கன்னு."

"என்னது?"

"அந்தம்மாவே கேட்டா, வீட்ல என்ன நினைக்கிறீங்கன்னு. எவ்வளவு அன்பா கேட்டா தெரியுமா. நான் சொன்னேன்."

ஆக, வகுப்பு மன்றத்தில் பேசியது என் அம்மாவின் வாய்தானா? என் முதுகுக்குப் பின்னால்? எனக்கு ரயிலை விட்டுக் குதித்துவிடலாம் போல இருந்தது. "நீயே முடிச்சுப் போட்டே. நீயே போய் அவுத்துட்டு வா" என்றேன். மற்றபடி வீடு வரைக்கும் பேசவில்லை.

பிப்ரவரி 3

பேசவில்லை.

பிப்ரவரி 6

சூப் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். குடித்தேன். பேசவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

அம்மா பள்ளிக்குப் போய் மதாம் ஷொவேயைப் பார்த்துவிட்டு வந்தாள். என்னிடம் சொல்லாமலேயே நேரம் வாங்கியிருக்கிறாள். வயதானவர்களை வீட்டுக்கு வீடு போய்க் கவனித்துக்கொள்வதுதான் அவள் வேலை. இரண்டு வீட்டுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில், வேலை அங்கியோடே போயிருக்கிறாள்.

வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், காலணியைக்கூடக் கழற்றவில்லை. முகம் சிவந்து கிடந்தது.

"என்கிட்ட எப்படிப் பேசினா தெரியுமாடி? நான் முசியே ஜிதெல்கிட்டப் பேசற மாதிரி."

முசியே ஜிதெல் தொண்ணூறைத் தாண்டிய கிழவர், காது கேட்காது. காலையில் அம்மாதான் குளிப்பாட்டுவாள்.

"மெதுவா. சத்தமா. ஒவ்வொரு வார்த்தையா. கையை வேற பிடிச்சுக்கிட்டா. 'மதாம் பெரோ, நாம யதார்த்தமா இருக்கணும், சரியா?' அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? குளிக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறவரைத் தொட்டிக்குள்ள இறக்கற குரல் அது. என் பிழைப்பே அதுல ஓடுது. என் குரலை என்கிட்டயே காட்றா."

"நீ என்ன சொன்னே?"

"என் பொண்ணு லியோன் போவா, நான் முன்னாடி சொன்னதை அடிச்சுடுங்கன்னு சொன்னேன். சிரிச்சா." பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்: "நவம்பர்லயும் இப்படித்தான் பேசியிருப்பா. அப்ப எனக்கு அது மரியாதையாத் தெரிஞ்சுது."

அழுதோம். இரண்டு பேரும். சீ, அந்த மதாம் ஷொவேயின் மென்மையான கையை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

மார்ச் 10

விருப்பங்களை இணையத்தில் பதிந்தாயிற்று. அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் அழுத்தும் ஒவ்வொரு பொத்தானையும் பார்த்தாள். லியோன் முதலில். ஊர்ப் பள்ளியின் கணக்கியல் பட்டயம் கடைசியில், அப்பா கேட்டதற்காக. "அது சும்மாக் கிடக்கட்டும், கிடந்தா என்ன?" என்றார். கிடக்கட்டும்.

ஜூன் 2, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. லியோன்: காத்திருப்போர் பட்டியல். வெகு கீழே. ஊர்ப் பட்டயம்: உடனே வா, இடம் உண்டு.

ஒரேலுக்குப் பாரிஸ். கைபேசியை எல்லோர் மூக்குக்கும் நேரே நீட்டிக் காட்டினான்.

என்னைப் பற்றிப் பள்ளி என்ன எழுதி அனுப்பியது என்பதை இப்போதுதான் நாங்கள் பார்க்க முடிகிறது. எல்லாம் முடிந்த பிறகு. மதாம் ஷொவேயின் வரி: "கடும் உழைப்பாளி. ப்ரெபாவின் வேகத்துக்கு ஈடுகொடுப்பது சிரமமாக இருக்கலாம்." அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். எழுந்து போய்ப் பின்கட்டில் துணி உலர்த்தினாள்.

ஒரேலைப் பற்றியும் யாரோ எழுதியிருப்பார்களே. உள்ளே சரக்கு இருக்கிறது என்றுதானே? யாரும் பார்க்காத சரக்கை நம்பி அவனைப் பாரிஸுக்கு அனுப்புகிறார்கள். கண்ணெதிரே இருக்கிற என் பதினேழை மட்டும் இவர்களால் நம்ப முடியவில்லை. தூ.

ஜூலை 7

பள்ளி இறுதித் தேர்வான பாக்கில் எனக்கு 'மிகச் சிறப்பு' தரம். நகரசபையில் கூப்பிட்டு ஒரு பேனா கொடுத்தார்கள். மேயர் என் பெயரைத் தப்பாக உச்சரித்தார். மதாம் ஷொவேயும் வந்திருந்தார், இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, "எனக்குத் தெரியும்" என்றார். வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன்.

ஜூலை 11

லியோன் பட்டியல் நகர்ந்து நகர்ந்து, நின்றுவிட்டது. எனக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அதிகமில்லை. அப்பா தோளில் கை வைத்து, "பக்கத்துலயே இருக்கியே, அதுவும் நல்லதுதான்" என்றார். அவர்மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

செப்டம்பர் 3, வியாழன்

அதே கட்டடம், இந்த முறை மூன்றாம் மாடி. கணக்கியல் பட்டயம், முதல் நாள்.

பாடம் எடுப்பவர் மதாம் துய்யே. ஊருக்குப் புதிது, இளவயது, சிரித்த முகம். எங்கள் கோப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் என்னுடையதில் நின்றார். "கணக்குல பதினேழு. பாக்ல மிகச் சிறப்பு. நீ இங்க என்னம்மா பண்றே? ப்ரெபா முயற்சி பண்ணலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்பு முழுவதையும் பார்த்து ஆரம்பித்துவிட்டார். "உங்க மாதிரிக் குடும்பத்துல இருந்து வர்ற பிள்ளைங்களோட பிரச்சினையே இதுதான். யாரும் உங்களைத் தடுக்கலை. நீங்களே உங்களுக்குக் கதவைச் சாத்திக்கறீங்க. ஆசைப்படறதுக்கும் ஒரு தைரியம் வேணும்."

"ப்ரெபாதான் கேட்டேன் மதாம்" என்றேன். அதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் அம்மாவிடம் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தம்மா பேரு என்ன சொன்னே?" என்றாள். "நாளைக்கு மத்தியானம் எனக்கு வேலை இல்லை."