சத்தத்துக்குச் சிவப்பு விளக்கு கிடையாது

ஜூலை 8, திங்கள்

நேற்றுக் கல்யாண மண்டபத்திலிருந்து திரும்பியதிலிருந்து என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. குத்துவிளக்கின் பித்தளையில் பெண்ணின் முகம் தெரிகிற மாதிரி, தரையில் முட்டி போட்டு ஒரு ஷாட் எடுத்தாராம். நான் அதை லைவில் விடவில்லையாம். எப்படி விடுவது? இரண்டு கேமராவும் என் ஸ்விட்சருக்குள்தான் வருகின்றன. எந்தப் பொத்தானை அழுத்துகிறேனோ அந்தப் படம்தான் வெளியே போகும். தாலி கட்டுகிற நேரத்தில் விளக்கைக் காட்டினால், பெண்வீட்டார் என்னைத்தான் தூணில் கட்டி வைப்பார்கள்.

ஜூலை 9

இவருடைய அம்மா, என் மாமி வழியாகத்தான் பேச்சு. "ஷாஹிதா, அவன் சட்டை எங்கன்னு கேக்குறான்." அவர் பக்கத்தில்தான் நிற்கிறார். "பீரோவுலன்னு சொல்லுங்க மாமி." மாமி அவர் பக்கம் திரும்பி, "பீரோவுலயாம்லே." ஐந்து வார்த்தைக்கு மூன்று பேர்.

ஜூலை 11, வியாழன்

எம். புதுப்பட்டி அய்யாதுரை அண்ணாச்சி கூப்பிட்டார். பட்டாசுக் கம்பெனிக்காரர். இந்தச் சீசனுக்கு வந்த புது வாணங்களை வெளியூர் டீலர்களுக்கு லைவில் வெடித்துக் காட்ட வேண்டும். சேலம், ஈரோடு, கோயம்புத்தூர் என்று எல்லாரும் அங்கங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள். சரியாக வந்தால் வருஷா வருஷம் நமக்குத்தான் என்றார். மாமி மூலமாக இவரிடம் சொன்னேன். மாமி மூலமாகச் சம்மதித்தார்.

ஜூலை 13, சனி

ஒத்திகை. அவமானம்.

கேமரா ஒன்றைப் பட்டாசுக் கம்பெனி ஆபீஸ் மொட்டை மாடியில் வைத்தோம். வாணம் வெடிக்கிற பொட்டல் அங்கிருந்து வெகுதூரம். படம் அருமை. ஆனால் பூ விரிந்து, உதிரத் தொடங்கிய பிறகுதான் "டமார்".

"ஏம்மா, வெடிச்சு ஆறிப்போன பெறகு சத்தம் வருது?" என்றார் அண்ணாச்சி.

"வெளிச்சம் உடனே வந்துரும் அண்ணாச்சி. சத்தம் மெதுவாத்தான் வரும்."

"அப்ப அதைக் கொஞ்சம் முன்னாடியே கெளம்பச் சொல்லு."

ஸ்விட்சரில் சத்தத்தைப் பிந்த வைக்க முடியும். முந்த வைக்க முடியாதே! படத்தைப் பிந்த வைக்கவும் இதில் வழியில்லை. இன்னும் வராத சத்தத்தை நான் எங்கே போய்ப் பிடிப்பது?

ஜூலை 14

யோசித்ததில் ஒரு வழி கிடைத்தது. படம் ஒரு கேமராவிலிருந்தும் சத்தம் இன்னொன்றிலிருந்தும் போகலாம். வழக்கமாக எந்தப் படத்தை அழுத்துகிறேனோ அதன் சத்தமும் கூடவே போகும். அந்தச் சேர்க்கையைப் பிரித்துவிட வேண்டியதுதான். மாடிக் கேமராவின் படம், பொட்டலுக்குப் பக்கத்தில் மணல் மூட்டைக்குப் பின்னால் இருக்கிற கேமராவின் சத்தம்.

அந்தக் கேமரா இவருடையது. இதை மாமி மூலம் சொல்ல முடியாது. மாமிக்கு விளக்குவதற்குள் தீபாவளியே வந்துவிடும். நானே போய்ச் சொன்னேன்.

"அப்ப என் படம்?"

"புகைதான் தெரியும். வேண்டாம். சத்தம் மட்டும் போதும்."

"அப்ப நான் கேமராமேனா, மைக் ஸ்டாண்டா?"

அதோடு மறுபடியும் வாயை மூடிக்கொண்டார். ஆனால் வருகிறார்.

ஜூலை 20, சனி

தூங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் இருட்டியதும் ஆரம்பம். முதல் வாணமே பொருந்திவிட்டது. பூ விரிகிறபோதே டமார். அண்ணாச்சி தொடையில் தட்டிக்கொண்டார். இரண்டாவது வாணத்துக்கு என் ஹெட்போனில் இவர் குரல்: "யா அல்லா! மல்லிகைப் பந்தலை அப்படியே தூக்கி வானத்துல கவுத்த மாதிரில்ல இருக்கு!"

அந்தக் குரல் லைவில் போகிறது. அவருக்குத் தெரியாது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் தன்னுடையது வெளியே போகிறது என்று அவர் கணக்கு. விளக்கு படத்துக்குத்தான் எரியும். சத்தத்துக்கு எரியாது. நான் சொல்லவில்லையா? சொல்லவில்லை. பேச்சுவார்த்தை இருந்தால்தானே சொல்வதற்கு!

"வாயை மூடுங்க" என்று ஹெட்செட்டில் கத்தினேன். வெடிச் சத்தத்துக்குப் பயந்து கழற்றி வைத்திருக்கிறார் போல. சத்தத்தை நிறுத்தினால் வெடியும் ஊமை. நிறுத்தாவிட்டால்—

"எம்புட்டு அழகு! இதை நான் எடுத்து என்ன? என் பொண்டாட்டி போடவா போறா? ஊரெல்லாம் நான் எடுத்ததைப் பாராட்டும். அவளுக்கு மட்டும் கண்ணு தெரியாது."

சேலத்துக்குப் போயிற்று. ஈரோட்டுக்குப் போயிற்று. விரல் பொத்தான் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. அவர் கடைசி வாணம் வரை விடாமல் பேசினார். "இது வாணமில்லடா, தங்கக்கடையில தீப்பிடிச்ச மாதிரி!"

முடிந்ததும் அண்ணாச்சி என்னை நோக்கி வந்தார். போச்சு என்று வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"பேசினது யாரு?"

"என் வீட்டுக்காரர், அண்ணாச்சி. மன்னிச்சிருங்க."

"மன்னிக்கிறதா? அந்த மல்லிகைப் பந்தல் எம்புட்டு ஸ்டாக் இருக்குன்னு சேலத்துலயிருந்து கேக்குறாக. நான் அதுக்கு 'ஸ்கை கிங்'னு பேரு வச்சிருந்தேன். லேபிளை மாத்தச் சொல்லியாச்சு. அடுத்த லைவுக்கும் அவரு பேசணும்."

பைக்கில் விருதுநகருக்குத் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கித்தான் சொன்னேன்.

"லைட்டு எரியலையே!" என்றார். "எல்லாமா போச்சு?"

"எல்லாம். ஈரோட்டுக்காரர் கேக்குறாராம், உங்க பொண்டாட்டியைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களான்னு."

முதலில் யார் சிரித்தது என்று நினைவில்லை. மாமி கதவைத் திறந்து, "என்னலே, ரெண்டு பேரும் நேரா பேசிக்கிறீக? அப்ப எனக்கு வேலையில்லையா?" என்றார்.

ஜூலை 21

காலையில் எழுந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார். இட்லியைக்கூட வர்ணிக்கிறார்.

ஆகஸ்ட் 24, சனி

சிவகாசி அச்சகத்திலிருந்து திருத்தம் பார்க்க எங்கள் விசிட்டிங் கார்டின் மாதிரிப் பிரதி வந்தது. மேலே "குரல்: அப்துல் ஹக்கீம்", கீழே சின்ன எழுத்தில் "படம்: ஷாஹிதா". அவரே பேனாவை எடுத்து இரண்டையும் வட்டமிட்டு, மேலும் கீழுமாக அம்புக்குறி போட்டார். என் பெயர் மேலே போயிற்று. எழுத்தையும் பெரிதாக்கச் சொல்லி எழுதினார்.

"நீ வெளிய விட்டாத்தானே நான் பேசுனது ஊருக்குக் கேக்கும்" என்றார்.

போன் நம்பர் மட்டும் அவருடையது. இருந்துவிட்டுப் போகட்டும். எப்படியும் பேசப் போவது அவர்தான்.