மதகு மேலிருந்து எடுத்த படம்

புதன்கிழமை

அன்புள்ள தம்பி பிரான்சிசுக்கு,

அக்கா அன்புச்செல்வி எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி, மற்றபடி எல்லாரும் சுகம். உன் மாமா லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போயிருக்கிறார், வர இன்னும் ஆறு நாள் ஆகும். உன் மருமகள் வேணிக்குக் காலாண்டுப் பரீட்சை முடிந்துவிட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. எப்படி இருக்கிறாய் என்று பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போனில் சொல்லப் பயம். தபாலிலும் போடவில்லை, உன் கூட்டாளி அறிவுச்செல்வன் கையில் கொடுத்திருக்கிறேன். கவருக்குள் ஒரு போட்டோ இருக்கிறது. இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் அதைப் பார்.

நூறு நாள் வேலையில் நான்தான் பொறுப்பாளர் என்று உனக்குத் தெரியும். காலையிலும் மத்தியானமும் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து ஆப்பில் போட்டோ ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. நம் ஏரியில் மதகு மேல் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், அதனால் எல்லாப் படமும் அதே இடத்திலிருந்துதான். எதற்கும் இருக்கட்டும் என்று என் போனிலும் தினம் ஒன்று எடுத்து வைப்பேன்.

போன வாரம் வேணி, பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைக்க ஏரிப் படம் வேண்டும் என்றாள். முதல் நாளிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். ஐயோ, என்ன சொல்வேன். ஆட்கள் அங்கேயேதான் நிற்கிறார்கள், பின்னால் தரை இறங்கிக்கொண்டே போகிறது. முதல் படத்தில் மூன்று பனை. பத்தாம் நாள் வேர் தெரிகிறது. இருபதாம் நாள் ஒரு பனையைக் காணோம். அதற்கப்புறம் வெறும் மண்சுவர்தான், அதன் அடி தெரியவில்லை. நாங்கள் மண்வெட்டியால் சுரண்டியது முழங்கால் ஆழம்கூட இருக்காது. நாங்கள் கிளம்பிய பிறகு மண் அள்ளுகிற மிஷின் இறங்குகிறது என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். நமக்கெதற்குப் பேஜாரு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். வரிசையாகப் பார்த்ததும்தான் எவ்வளவு ஆழம் போய்விட்டது என்று உறைத்தது.

இப்போது மழை பிடித்துக் குழி நிறைந்துவிட்டது. மேலே பார்த்தால் கணுக்கால் தண்ணீர் மாதிரி இருக்கிறது, கீழே முப்பதடி. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அந்தக் கரையில்தான் கால் கழுவுகிறார்கள்.

சனிக்கிழமை நாற்பது படத்தையும் திண்டிவனத்தில் ஒரு ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டேன். அதில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. அன்றைக்கு சிக்னல் வரவே இல்லை. காத்துக் காத்து நாலரை மணிக்கு எடுத்தேன், ஆப்பில் ஏறவும் இல்லை. அதற்குள் மிஷின் வந்துவிட்டிருந்தது. ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, “இன்னாக்கா, மிஷின்ல குந்திக்கினு கீற ஆளு உங்க ஜாடையாவே கீறாரே” என்று சிரித்தார். எட்டிப் பார்த்தேன். அடப் பாவி, உன் தலையில் நான் ஈஸ்டருக்கு எடுத்துக்கொடுத்த சிவப்புத் துண்டு.

ஒரகடத்தில் கம்பெனி வேலை என்று சொன்னாயே! அம்மா கோயிலில் எல்லாரிடமும் சொல்லிப் பூரித்துப் போகிறாள். அந்தப் படத்தில் முன்வரிசையில் அம்மாதான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். நீ எங்களைப் பார்க்கவில்லையா? பார்த்துக்கொண்டேதான் வெட்டினாயா? உன் தலைக்கு நேர் மேலே வேர் தொங்க ஒரு பனை. அது சாய்ந்திருந்தால் யார் தூக்கியிருப்பார்கள் உன்னை? படம் எடுத்த மறுநாள் அம்மா அந்தக் குழியைப் பார்த்துவிட்டு, “எவ பெத்த புள்ளயோ, ஏரிய இப்பிடிப் பொளந்து போட்டுக்கீது, அது கை வெளங்குமா” என்று மண்ணை வாரித் தூற்றினாள். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் வாசலில் சுப்பராயலு. உன் மிஷின் ஓனரின் ஆள்தான், உனக்குத் தெரியாதவரா? பிரின்ட் போட்டது எப்படித்தான் காதுக்குப் போயிற்றோ. மரியாதையாகத்தான் பேசினார். போனை வாங்கி ஒவ்வொரு படமாக அழித்தார். பிரின்ட் அரிசி டிரம்மில் இருந்ததால் தப்பித்தது. போகும்போது, “பாப்பா எந்த பஸ்ல போவுது, ஏழே முக்கால் வண்டியாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து வேணியை நானே கூட்டிப்போய்க் கூட்டி வருகிறேன். வாசலில் பைக் சத்தம் கேட்டாலே கதவைத் தாழிட்டுவிடுகிறேன்.

ஆனாலும் வருகிற திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறேன். ஒரு பிள்ளை உள்ளே போவதற்குள் குழியைச் சுற்றி வேலியாவது போடட்டும். முப்பத்தொன்பது படம் என்னிடம் இருக்கிறது. அதில் மிஷின் இல்லை. குழி இருக்கிறது, அதன் முன்னால் என் ஆட்கள் நிற்கிறார்கள், வேலைக் காகிதம் முழுக்க என் கையெழுத்து. மிஷின் இருக்கும் படம் இந்த ஒன்றுதான், ஸ்டூடியோ கம்ப்யூட்டரிலும் அழித்தாயிற்றாம், வேறு பிரதி கிடையாது. உன் முகத்தை எடுத்துப்போய் அதிகாரி மேசையில் வைக்க எனக்குக் கை வராது. அதனால்தான் உன்னிடமே அனுப்புகிறேன். நீயே கொண்டுவந்து, யார் வெட்டச் சொன்னது என்று உன் வாயால் சொல்லிவிடு. பக்கத்தில் நான் நிற்கிறேன். நீ வராவிட்டால், முப்பதடியை மண்வெட்டியாலா வெட்டினாய் என்று அவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்றுதான் சொல்லப்போகிறேன்.

முகையூர் பக்கம் இன்னொரு ஏரியில் இறங்கிவிட்டாய் என்று அறிவுச்செல்வன் சொன்னான். அங்கேயும் கரைக்குக் கீழேதான் மிஷினை நிறுத்துகிறாயா? வேண்டாம்டா.

ஞாயிறு சாயங்காலம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், விழுப்புரம் வண்டி வந்து நிற்கிற இடத்தில், வேணியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். அம்மா தினமும் உனக்காக ஜெபமாலை சொல்கிறாள். முடித்த கையோடு அந்த மிஷின்காரனைத் திட்டவும் செய்கிறாள். இரண்டும் ஒரே பிள்ளைக்குத்தான் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. அவள் திட்டி முடித்ததும், மாதாவே அதைக் காதில் வாங்காதே என்று நான் ஒரு ஜெபம் கூடுதலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாதா உன் தலைக்கு மேல் கை வைத்திருக்கட்டும். வந்துவிடு, தம்பி.

உன் அக்கா,
அன்புச்செல்வி