அலுமாரிக்குள் கீறிய பெயர்

நவம்பர் 4, செவ்வாய்

அலுமாரியைத் திருடியது ஜெர்மன்காரர் அல்ல. கட்டடத்து வாசலைக் கவனித்துக்கொண்டிருந்த பெண்ணும் அவள் புருசனும்.

மழை. மூன்று பாகை. கார்ட்டியர்வில், மதாம் எஸ். வீடு, ஒன்பது முதல் ஒன்று வரை. மாத்திரை, குளிப்பாட்டல், சூப் சூடாக்கல். சூப்பில் உப்பில்லை என்றார். டொக்டர் குறைக்கச் சொன்னவர் என்றேன்.

"எனக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. டொக்டருக்கு நாற்பது. யாருக்கு யார் புத்தி சொல்வது?"

(கதைப்பது பிரெஞ்சில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.)

பிறகு, அவர் சிறுமியாக இருந்த பாரிஸ் கதை. முன்பு துண்டு துண்டாகச் சொன்னவர், இன்று முழுவதும். 1942 ஜூலை. விடிய முன்னம் பொலிஸ். பிரெஞ்சுப் பொலிஸ். கையில் அட்டை, அட்டையில் பெயர். யூதர்கள் தாங்களே வரிசையில் நின்று பதிந்த பெயர்கள். எந்த மாடி என்று காட்டியவள் வாசல்காரி. தையற்காரத் தகப்பன், தாய், தம்பி மோரிஸ், வயது ஆறு. முகாம், ரயில், ஆஷ்விட்ஸ். ஒருவரும் திரும்பவில்லை. மதாம் அந்த வாரம் சித்தி வீட்டில் நின்றவர். அவ்வளவுதான் காரணம், இன்று உயிரோடு இருந்து உப்பில்லை என்று சொல்வதற்கு.

யுத்தம் முடிந்து சித்தியோடு போய்ப் பார்த்தபோது வீட்டில் வாசல்காரி குடும்பம். கதவிடுக்கால் அலுமாரி தெரிந்ததாம். "விலைக்கு வாங்கியது" என்று சொல்லிக் காலால் கதவைச் சாத்தினாளாம்.

மதாமுக்கு அலுமாரி வேண்டாம். அதன் இடது கதவின் உட்பக்கத்தில் மோரிஸ், தகப்பனின் கத்தரிக்கோலால் தன் பெயரைக் கீறி, அதற்கு அடியும் வாங்கியவன். அவனுக்குப் படம் இல்லை, கல்லறை இல்லை. அந்தக் கீறல்தான். சாக முன்னம் அதை ஒருதரம் பார்க்க வேண்டும்.

வாசல்காரியின் குடும்பப் பெயரைக் கேட்டு ஃபோனில் தட்டித் தேடினேன். இருபது நிமிடம். அவளுடைய பேரன் பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் விருந்தினருக்கு அறை வாடகைக்கு விடுகிறான். படத்தில் கட்டில், பூச்சாடி, அலுமாரி. கீழே: "எங்கள் குடும்பத்துப் பழைய அலுமாரி."

மதாம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோனை மூக்கோடு வைத்துப் பார்த்தார்.

"கதவில் ஒரு கைப்பிடிக் குமிழ் இல்லை. அதை உடைத்தது நான்."

படத்தை ஃபோனில் சேமித்தேன்.

நவ. 5, புதன்

என்னை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியின் விதி: நாங்கள் பராமரிக்கும் ஆளுக்காகக் கடிதம் எழுதக்கூடாது. எழுதினேன். மதாமின் பெயரில் ஈமெயில். கேட்டது ஒன்றே ஒன்று: இடது கதவைத் திறந்து, உட்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். கடைசியில் ஒரு வரி: அது யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.

"இந்த வரி உன்னுடையது," என்றார் மதாம். "இருக்கட்டும்."

உங்கள் ஆட்களும் யுத்தத்தில் வீட்டை விட்டவர்கள்தானே என்று கேட்டார். ஓம் என்றேன். ஆமி, ஷெல், இடப்பெயர்வு, அப்பாவின் அகதி வழக்கு. எல்லாம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். எனக்கே எங்கள்மேல் இரக்கம் வந்தது.

வாங்க: பூட்ஸ். அம்மாவுக்கு மிளகாய்த்தூள்.

நவ. 7, வெள்ளி

பதில் வந்தது. "அலுமாரி முறையாக விலைக்கு வாங்கப்பட்டது. அந்தக் காலத்தில் எல்லோரும் வாங்கினார்கள். நான் அப்போது பிறக்கவே இல்லை. தயவுசெய்து இனி எழுத வேண்டாம்."

வாசித்துக் காட்டினேன்.

"உள்ளே ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறானா?"

"இல்லை."

"அப்படியென்றால் பார்த்திருக்கிறான்."

சூப் அப்படியே ஆறிப் போனது. பஸ்ஸில் வீடு வரும்வரை அந்த மனிதனை மனதுக்குள் திட்டினேன். வெட்கம் கெட்டவன். ஒரு கதவைத் திறக்க என்ன கேடு.

நவ. 8, சனி

வெயில், ஆனால் குளிர். பியர்பொன்ட்ஸ், எங்கள் வீடு. வேலை இல்லை. சித்தப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து வட்சப்பில் படங்கள். ஊர் வீட்டுக்குப் புதுப் பெயின்ற் அடிக்கப் பழையதைச் சுரண்டுகிறார்களாம். அம்மா ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டினா. முன்கதவு. முதிரை மரம். நிலையின் மேல், சுரண்டிய பச்சைப் பெயின்றுக்குக் கீழே, செதுக்கிய ஒரு பிறை. பக்கத்தில் 786.

நாங்கள் சைவம். நிலையில் 786 போடுவது முஸ்லிம் சனம்.

"அப்பா, இது ஆற்ற கதவு?"

"எங்கட கதவுதான்."

"அப்ப 786 என்னத்துக்கு?"

"வாங்கேக்கையே இருந்தது. என்ர ஐயா ஏலத்தில எடுத்தவர். நான்தான் வண்டில்ல ஏத்திக்கொண்டு வந்தனான்."

"ஆர் ஏலம் விட்டது?"

"வேறை ஆர்? இயக்கம்."

1990. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னது எங்கள் தமிழ் ஆயுத இயக்கம். போகிற வழியில் நகையையும் கழற்றி வாங்கியது. இங்கே எங்கள் ஆட்களின் எந்த மேடையிலும் யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. நானாகத் தேடிப் படித்தது. எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

"வாங்கக் கூடாது எண்டு உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"ஆர் வாங்கேல்லை? ஓடு, கதிரை, தையல் மெசின், எல்லாச் சனமும்தான் எடுத்தது. காசு குடுத்துத்தான் எடுத்தனாங்கள். நீ அப்ப பிறக்கவும் இல்லை. கதைக்க வந்திட்டாய்."

"மெல்லக் கதையுங்கோ," என்றா அம்மா. "ஓம், எடுத்தது பிழைதானே. அதுவும் உங்களோட ஒரே வாங்கில இருந்து படிச்ச பொடியன்ர வீட்டுக் கதவு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா குசினிக்குள் போய்விட்டா.

அவருக்குப் பெயர் தெரியும்.

நவ. 9, ஞாயிறு

அப்பா காலையில் இருந்து பேப்பருக்குள் முகத்தை வைத்திருந்தார். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்.

அம்மா: "வேலைக்குப் போற இடத்தில வெள்ளைக்காரியின்ர கதையைக் கேட்டிட்டு வந்து பெத்த தகப்பனை வதைக்கிறாய். ரெண்டும் ஒண்டே?"

ஒன்றல்ல. அங்கே ரயிலில் ஏற்றிக்கொண்டு போய்க் கொன்றார்கள். இங்கே துரத்தினார்கள். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். அப்பா அதற்குள் போய் ஒளிந்துகொள்ள முடியாது. விலைக்கு வாங்கியது. எல்லோரும் வாங்கினார்கள். அப்போது பிறக்கவில்லை. இந்த மூன்றையும் வெள்ளிக்கிழமை பிரெஞ்சில் வாசித்தேன், சத்தமாக.

நவ. 11, செவ்வாய்

ஈரப்பனி. பஸ்ஸில் இருக்க இடமில்லை.

மதாம் கேட்க முன்னமே சொல்லிவிட்டேன். கதவு, ஏலம், வண்டில். போன வாரம் உங்களுக்குச் சொன்னது பாதிக் கதை என்றேன்.

ஆறுதல் சொல்வார் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போல.

"அந்தக் கதவின் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா?"

"தெரியாது."

"பிறகு ஏன் என்னிடம் சொல்கிறாய்? கொம்பியூட்டரைத் திற. அந்த அலுமாரிக்காரனுக்கு இன்னொரு கடிதம்."

எழுதினோம். இந்த முறை என் வரி எதுவும் இல்லை.

நவ. 14, வெள்ளி

பதில் இல்லை. மதாம் கதவு மணி அடித்தபோதெல்லாம் நிமிர்ந்தார். ஈமெயில் வாசலால் வராது என்று சொல்ல மனம் வரவில்லை.

நவ. 15, சனி

முதல் பனி. ஒட்டவில்லை. அப்பா வீட்டுக்கு முன்னால் காருக்குக் குளிர்கால ரயர் மாற்றிக்கொண்டிருந்தார். ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். ஒரு கிழமைக்குப் பிறகு முதல் கதை.

"உங்களோட படிச்சவருக்கு என்ன பேர், அப்பா?"

"அந்த நட்டை எடுத்துத் தா, பிள்ளை."

கொடுத்தேன்.

"துரத்தின சனத்தில கனபேர் புத்தளத்திலதானாம். தேடினால் கிடைப்பினம். நான் தேடுறன். நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம்."

நட்டை இறுக்கினார். இறுகிய நட்டைத் திரும்பவும் இறுக்கினார். காது சிவந்திருந்தது. குளிராகவும் இருக்கலாம்.

"கதவைக் கழட்டிக் குடுங்கோ எண்டு இண்டைக்குக் கேக்கேல்லை. பேர் மட்டும்."

ஜாக்கியை இறக்கினார். கார் நிலத்தில் அமர்ந்தது. ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு மற்றச் சில்லுக்குப் போய்க் குந்தினார். நானும் போய்க் குந்தினேன், முகம் தெரியும்படி.

"பேரைச் சொல்லுங்கோ, அப்பா."

ஜாக்கியைச் சுழற்றத் தொடங்கினார்.

"பேரைச் சொல்லுங்கோ."