தீப்பிடிக்கும் கட்டளைக்கு முழு மதிப்பெண்

என் அன்பு அண்ணா,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. இத்தனை நாளும் அழுதேன். இன்று கோபத்தில் எழுதுகிறேன். நீ பாடம் நடத்திய அதே கல்லூரியில், அதே கம்ப்யூட்டர் துறையில்தான் நானும் பாடம் எடுக்கிறேன். உன் நினைவாக அங்கே என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா?

உன் வகுப்புக் குறிப்புகளை அப்படியே புத்தகமாகப் போட்டுவிட்டார்கள். அட்டையில் மாலை போட்ட உன் படம். உள்ளே ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. பிள்ளைகள் தூங்கி வழிந்தால் சிரிக்கவைத்து எழுப்புவதற்காகச் சொல்வாயே, பழைய எஞ்சினியர்கள் கேலிக்குக் கட்டிவிட்ட ப்ராசஸர் சிப் கட்டளைகள், 'டேப்பைச் சுற்றி அறுத்துவிடு', 'நின்று தீப்பிடி' என்று? அவையும் நிஜக் கட்டளைகளோடு சேர்ந்து பாடமாகிவிட்டன.

"நம்ம அண்ணாமலைக்கே வருஷா வருஷம் கார்த்திகை தீபத்தன்னிக்கு இந்தத் தீப்பிடிக்கிற கட்டளை வருது பாரு" என்பாய், வகுப்பே சிரிக்கும். அதுவும் அச்சில் இருக்கிறது, எடுத்துக்காட்டு என்ற தலைப்பில்.

செமஸ்டர் தேர்வில் கேள்வியே வந்துவிட்டது: 'நின்று தீப்பிடி கட்டளை செயல்படும் விதத்தை விளக்குக.' சிப் எரிவதாகப் படம் வரைந்தவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண். அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வரும் செல்வி மட்டும், 'இது சார் சொன்ன ஜோக், எந்தச் சிப்பும் தீப்பிடிக்காது' என்று எழுதினாள். பூஜ்யம். அதனாலேயே அந்தப் பேப்பரில் ஃபெயில். அரியர் இருந்தால் வேலைக்கான இன்டர்வியூவில் உட்கார விடமாட்டார்கள்.

துறைத் தலைவரிடம் போனேன்.

"உங்க அண்ணன் எழுதினதையே பொய்னு சொல்றீங்களா மேடம்?"

"பொய் இல்ல சார். ஜோக்."

"புக்ல வந்துடுச்சே. இப்ப போய் ஜோக்னு சொன்னா காலேஜ் மானம் என்னாவறது? செத்தவரை அவமானப்படுத்திட்டேன்னு அந்தப் பொண்ணு மன்னிப்பு எழுதிக் குடுக்கட்டும், பார்க்கலாம்."

கேட்டாயா அண்ணா? உன்னைப் புரிந்துகொண்ட ஒரே பிள்ளை உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அவளோ, "எழுதிக் குடுத்துடறேன் மேடம், இல்லன்னா வேலை கிடைக்காமப் போயிடும்" என்று அழுகிறாள். வேண்டாம் என்று தடுத்து வைத்திருக்கிறேன். உன் மேலும் எனக்குக் கோபம்தான். ஓரத்தில் 'சும்மா' என்று ஒரு வார்த்தை எழுதி வைத்தால் என்ன? கேட்டால், "சொல்லிட்டா அது ஜோக்கே இல்லடி" என்பாய்.

உன் நினைவு நாளுக்குக் கல்லூரியில் கூட்டம். குத்துவிளக்கு ஏற்ற என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மௌன அஞ்சலியும் உண்டாம், உனக்குப் போய் மௌனம். நான் மைக்கை வாங்கி, புத்தகத்தின் அந்த 'நின்று தீப்பிடி' பக்கத்தை நீ படிக்கிற மாதிரியே முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் படிப்பேன். உன்னிடம் படித்தவர்கள் அத்தனை பேரும் வருவார்கள். அவர்களால் சிரிக்காமல் இருக்க முடியுமா?

கையேட்டில் இல்லாத கட்டளை ஒன்று பழைய சிப் ஒன்றில் நிஜமாகவே இருந்தது, கொடுத்துவிட்டால் ரீசெட் செய்யும்வரை வேறெதையும் கேட்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்று நீதானே சொன்னாய். செல்விக்கு மதிப்பெண் போடுகிறேன் என்று துறைத் தலைவர் தன் வாயால் சொல்லும்வரை நானும் மேடையை விட்டு இறங்கமாட்டேன். இது மட்டும் ஜோக் இல்லை, அண்ணா.

உன் ஜோக்குகளுக்கெல்லாம் முதலில் சிரித்த
உன் தங்கை கௌரி