நடைப்பாலத்து இரும்புக் குழாய்

கார்த்திகை 3, புதன், இரவு

காப்புக்காட்டில் ஓடைக்கு இருபுறமும் இருக்கும் நடைபாதைகளை இணைக்கப் பாலம் கட்டி முடித்தோம். மான்கள் தண்ணீர் குடிக்க வரும் இடம். பைக் நுழையக் கூடாதென்று பால வாசலில் மூன்று இரும்புக் குழாய்களை நட்டிருந்தேன். இன்று காலை மேலதிகாரி போன் செய்து நடுக்குழாயை அறுக்கச் சொன்னார். திறக்க வரும் பெரிய மனிதரின் வேட்டியில் சேறு படக் கூடாதாம், ஸ்கூட்டரில்தான் வருவாராம். நடைப்பாலத்தைத் திறக்க!

"ரெண்டு நாளா குனிஞ்சிகினு நட்டது இதுக்குத்தானா அண்ணாத்த?" என்றான் வெல்டர் செல்வம்.

"வாய மூடிகினு அறுடா" என்றேன்.

வந்தார். பின்சீட்டில் உட்கார்ந்தபடியே ரிப்பனை வெட்டினார். "தினமும் நடங்க, அதான் ஆரோக்கியம்" என்று மைக்கில் அறிவுரை வேறு. முதலில் கைதட்டியது மேலதிகாரி. இரண்டாவது நான்.

குழாயைத் திரும்ப வைக்கலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டதற்கு, "இப்ப என்ன அவசரம்?" என்றார்.

சாயங்காலமே நாலைந்து பைக்குகள் வந்துவிட்டன. "தொறந்துட்டாங்க, வா மச்சான்!" என்று கத்திக்கொண்டே பாலத்தில் ஏறினார்கள். நடுவில் நின்ற என்னைப் பார்த்து முன்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

ஒதுங்கி வழிவிட்டேன்.